முதுகில் போட்ட முடிச்சு

கடல் அவ்வளவு தூரம் விலகிக் கிடந்ததைப் பார்த்ததும் நம்கேவுக்குக் காரை விட்டு இறங்கவே மனமில்லை. வாயிலிருந்த பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “தண்ணி இப்படி வத்துனா நல்லதில்ல, டெக்கி. மலையில ஏரி உடைஞ்ச வருஷம் எங்க ஆறும் முதல்ல இப்படித்தான் வத்துச்சு” என்றான்.

“வந்து மூணு வாரம் ஆகல, அதுக்குள்ள ஆஸ்திரேலியாக் கடலுக்கே ஜோசியம் சொல்றியா?” என்று டெக்கி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பின்னால் எவ்வளவு நொந்துகொண்டாள் என்று சொல்லி மாளாது.

பூட்டானிலிருந்து கான்பெராவுக்குப் படிக்க வந்த இரண்டு வருடத்தில் டெக்கி கடலைப் பார்த்ததில்லை. திங்கட்கிழமைதோறும் கூடப் படிப்பவர்கள் ஊர் சுற்றிய படங்களைக் காட்டுவார்கள். அவளுக்குச் சனியும் ஞாயிறும் முதியோர் இல்லத்தில் வேலை. இப்போது புருஷன் நம்கேவும் மகளும் வந்துவிட்டார்கள். மூன்று வயதில் விட்டுவந்த செல்தெனுக்கு ஐந்தாகிவிட்டது. அப்பா சொன்னால்தான் ‘அம்மா’ என்கிறாள், தூக்கப் போனால் அப்பா காலைக் கட்டிக்கொள்கிறாள். கடலைக் காட்டினால் பிள்ளை ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி, கிடைத்த முதல் விடுமுறையில் விடியுமுன்னே கிளப்பிக் கூட்டிவந்தாள்.

கரையிலிருந்து எதிரே இருந்த குட்டித் தீவுக்கு ஈர மணலில் தெரு மாதிரி ஒரு வழி போனது. மூவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தீவின் உச்சியில் புல்லுக்குள் பறவை முட்டைகள் கிடந்தன. செல்தென் தொடாமல் எண்ணினாள். சிவப்பரிசிச் சோறும் மிளகாய்த் துவையலும் தின்று, படமெடுத்து, ஒன்பதரை மணிக்கு இறங்கி வந்தால் வழியைக் காணோம்.

மணல் கிடந்த இடத்தில் இரண்டு பக்கமிருந்தும் அலை வந்து மோதிக்கொண்டிருந்தது. மூவருக்கும் நீச்சல் தெரியாது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. கரையில் ஆள் நடமாட்டமும் இல்லை.

“சொன்னேன்ல? சொன்னேனா இல்லியா?” நம்கே கத்தினான். “இது ஏறிக்கிட்டேதான் இருக்கும். எங்க ஊர்ல ஆறு வீட்டையே மூழ்கடிச்சுது. இப்பவே போயிடணும், இடுப்பளவுதான் இருக்கு.”

சொல்லிக்கொண்டே, பிள்ளை கட்டும் நெய்த துணியை எடுத்துச் செல்தெனைத் தன் முதுகில் கட்டிவிட்டான். ஆறு தாண்டுகிறவர்கள் போடும் முடிச்சு, நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு சுற்று.

டெக்கிக்குக் கடல் ஏறும், இறங்கும் என்று பள்ளியில் படித்த ஞாபகம். எவ்வளவு ஏறும், எப்போது இறங்கும் என்று யார் படித்தார்கள்! பரீட்சையோடு போனது அது. ஆனால் அந்த முட்டைகள் நினைவுக்கு வந்தன.

“மேல பறவை முட்டை போட்டிருக்கு, நம்கே. புல்லு காஞ்சு கெடக்கு. தண்ணி அங்க வராது.”

“பறவைக்கு றெக்கை இருக்குடி! நமக்கு?”

அவள் முடிச்சில் கை வைத்து அவிழ்த்தாள். அவன் தள்ளினான். அவள் விடவில்லை. பிள்ளையை இழுத்து அணைத்தபோது செல்தென் “அப்பா! அப்பா!” என்று அலறி அவள் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது. டெக்கி பிடியைத் தளர்த்தவில்லை.

“நீ வேணா போ. பிள்ளையைத் தர மாட்டேன்.”

நம்கே அவளை முறைத்தான். கார் சாவியும் கைப்பேசிகளும் இருந்த பையை எடுத்து, பிள்ளை இருந்த இடத்தில் அதே துணியால், அதே முடிச்சுப் போட்டு முதுகில் கட்டிக்கொண்டான். “ஆள் கூட்டிட்டு வரேன்” என்று இறங்கினான்.

பாதி தூரத்தில் தண்ணீர் மார்பைத் தொட்டது. பக்கவாட்டில் ஒரு அலை வந்தது. அவன் தலை தெரிந்தது, கை தெரிந்தது, பிறகு தீவின் பாறைகளுக்குப் பின்னால் அலை அவனை இழுத்துப்போக, எதுவுமே தெரியவில்லை.

டெக்கி கத்தினாள். காற்றுதான் பதிலுக்குக் கத்தியது. தண்ணீர் ஒவ்வொரு பாறையாக விழுங்கிக்கொண்டு வர, அவள் பிள்ளையோடு மேலே மேலே ஏறினாள். முட்டைகளின் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த மந்திரத்தையெல்லாம் தப்பும் தவறுமாகச் சொன்னாள். நானே கொன்றுவிட்டேன், நானே கொன்றுவிட்டேன் என்று மனம் அடித்துக்கொண்டது. பறவை மேலே வட்டமிட்டுத் திட்டியது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். விடியலிலிருந்தே தீவின் பின்பக்கப் பாறையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் தூண்டிலோடு புதரை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, நெற்றியிலும் காலிலும் ரத்தத்தோடு நம்கே.

“அந்தப் பக்கம் பாறையில வந்து மோதினாரும்மா. சட்டையைப் பிடிச்சு இழுத்துப் போட்டேன்” என்றார் கிழவர். “இன்னும் கொஞ்சம்தான் ஏறும், அப்புறம் வடிஞ்சிரும். தினம் ரெண்டு தடவை இதே கூத்துதான். நாலு மணிக்கு வழி தொறந்திரும். டீ இருக்கு, குடிக்கிறீங்களா?”

செல்தென் அப்பாவைச் சுற்றிவந்து அவன் முதுகைப் பார்த்தாள்.

“அப்பா, பை எங்க?”

நம்கே தோளைத் தடவினான். பையும் இல்லை, துணியும் இல்லை. கிழிந்த சட்டைக்குள், நெஞ்சில் முடிச்சு இருந்த இடத்தில் தோல் மட்டும் உரிந்து சிவந்திருந்தது. அவன் மகளைப் பார்த்தான். அப்படியே புல்லில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அப்பா அழுது செல்தென் பார்த்ததில்லை. பயந்துபோய் டெக்கியிடம் ஓடினாள். டெக்கி அவளை வலிக்கும்படி இறுக்கிக்கொண்டாள். இந்த முறை பிள்ளை கடிக்கவில்லை.