வலது முட்டிக்கு ஒரு ஜெபம்

அந்தச் சபையில் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று சுகவீனர் பட்டியல், மற்றது சுகம் பெற்றவர்களுக்காக நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பட்டியல். ஞாயிறு ஆராதனையில் செயலர் இரண்டையும் ஒரே குரலில் வாசிப்பார். காய்ச்சலும் பிரசவமும் அந்தக் குரலுக்கு ஒன்றுதான். முதல் பட்டியலில் இருப்பவர்களுக்காகச் சபை கண்ணை மூடி ஜெபிக்கும். அவர்களில் படியேற முடியாதவர்களின் வீட்டுக்குப் போதகரே நற்கருணை அப்பமும் திராட்சரசமும் கொண்டுபோய்க் கொடுப்பார். இரண்டாவது பட்டியலுக்குக் கைதட்டல். அதோடு சரி.

தையல்காரி செய்த தப்பு, அவசரப்பட்டது. நுரையீரல் கெட்டுப்போய்ப் பதினோரு வாரம் முதல் பட்டியலில் கிடந்த அவள் புருஷன், அவர் பெயிண்டர், ஒரு சனிக்கிழமை எழுந்து உட்கார்ந்து இரண்டாம் தடவை சாப்பாடு கேட்டார். மறுநாளே இவள் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்லிவிட்டாள்: "என் வீட்டுக்காரர் நுரையீரல்ல இப்ப ஒண்ணுமே இல்ல. கர்த்தர் தொடச்சி எடுத்துட்டார்."

சபை எழுந்து நின்றது. போதகர் அந்த நுரையீரலை அடுத்தடுத்து மூன்று பிரசங்கங்களுக்கு வைத்துக்கொண்டார். நாலாவது வாரம் பெயிண்டர் ரத்தமாக இருமினார்.

தையல்காரி ஆலய அலுவலகத்துக்குப் போனாள்.

"அண்ணே, அவர் பேரை மறுபடி மொதல் பட்டியல்ல போடுங்க. டாக்டர் கையை விரிச்சிட்டார். போறதுக்குள்ள ஒரு தடவை நற்கருணை வாங்கணும்னு கேக்கறார்."

செயலர் நோட்டைப் புரட்டினார். "அவர் ஸ்தோத்திரத்துக்குப் போயாச்சேம்மா."

"திரும்பி வந்துட்டார்ணே."

"அங்கேர்ந்து யாரும் திரும்பறதில்லம்மா. நீதானே மைக்ல சொன்னே? இப்ப மறுபடி நுரையீரல்னு வாசிச்சா, கர்த்தர் அரைகுறையா வேலை பாத்துட்டார்னு ஆயிடும். புதுசா வந்தவங்க என்ன நெனைப்பாங்க?"

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. செயலர் கல்நெஞ்சக்காரர் அல்ல. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிவிட்டு, மனமிளகிக் கேட்டார். "வேற உறுப்பு ஏதாச்சும் இருக்கா?"

தையல்காரி புருஷனை மேலிருந்து கீழ் வரை மனதுக்குள் அளவெடுத்துப் பார்த்தாள்.

"முட்டி," என்றாள்.

"வலதா, எடதா?"

"உங்க இஷ்டம்ணே."

வலது என்று எழுதிக்கொண்டார்.

ஞாயிறன்று இருநூறு பேர் அந்த முட்டிக்காக உருகினார்கள். முன்வரிசை அக்கா ஒருத்திக்குத் தேம்பலே வந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் ஒரு தைலப் புட்டியைத் தையல்காரியின் கையில் திணித்தாள். செவ்வாயன்று போதகர் வீட்டுக்கு வந்தார். கட்டிலருகே மண்டியிட்டு, ஆயுளில் ஒருநாளும் வலித்திராத அந்த முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஜெபித்தார். பெயிண்டர் இருமலை அடக்கி அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"என்ன, சளியா?" என்றார் போதகர்.

பெயிண்டர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

"தூசிங்கய்யா. அந்தக் காலத்துப் பெயிண்ட் தூசி."

"ஜன்னலைத் தெறந்து வைங்க," என்றார் போதகர்.

அப்பம் இறங்கிவிட்டது. ரசத்தை வாயில் வைத்ததும் மறுபடி இருமல். துண்டெல்லாம் சிவப்பு.

"ரசம் சிந்திடுச்சிங்கய்யா," என்று தையல்காரி துண்டைச் சுருட்டினாள். இத்துணூண்டு கிண்ணத்து ரசம் அவ்வளவு துண்டை நனைக்காது என்று போதகருக்கும் தெரியும். நற்கருணைப் பெட்டியை மூடிக்கொண்டு, "விசுவாசத்துல நில்லுங்க," என்று சொல்லிக் கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்பியதும் பெயிண்டர் சொன்னார். "என் முட்டிக்கு மோட்சம் நிச்சயம்டி. மிச்ச ஆளுக்குத்தான் ஒருத்தரும் சொல்லல."

வெள்ளிக்கிழமை மிச்ச ஆள் போய்ச் சேர்ந்தார்.

சனிக்கிழமை பெட்டியை மூடுவதற்கு முன்பு செயலர் வந்து, கைகூப்பி, கண்ணைத் துடைத்து, முறைப்படி எல்லாம் செய்தார். பிறகு தையல்காரியை ஒதுக்குப்புறமாக அழைத்தார். அக்குளில் நோட்டு.

"தப்பா நெனைக்காதம்மா. நாளைக்கு வாசிக்கணும். அவர் பேர் இன்னும் சுகவீனர் பட்டியல்லயே நிக்குது. எறந்தவரை அதுல வச்சிருக்கக் கூடாது." குரலைத் தாழ்த்தினார். "முட்டி எப்படி இருந்துச்சு?"

அவள் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். கால் இரண்டும் நேராக நீட்டி இருந்தன.

"வலி இல்லண்ணே."

செயலருக்குப் பெரிய பாரம் இறங்கியது. அங்கேயே நின்றபடி எழுதிக்கொண்டார்.

ஞாயிறன்று அதே குரலில் வாசித்தார்: வலது முட்டி, பூரண சுகம். சபை கைதட்டியது. கடைசி பெஞ்சில் தையல்காரியின் கைகளும் பழக்கதோஷத்தில் ஒரு தடவை தட்டிவிட்டன. பிறகு அவற்றை மடியில் போட்டு, ஒன்றை ஒன்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.