தொடாத கோடு

தேர்வு முடிந்து வெளியே வந்த அண்ணியின் முகத்தைப் பார்த்ததுமே, வாசலில் காத்திருந்த நாத்தனார் எதிரே ஓடினாள்.

"சொதப்பிட்டேன் பாப்பா. அந்த வரைபடக் கணக்கு."

அதைத்தான் இருவரும் மலைபோல் நம்பியிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு முறை பத்தாம் வகுப்புக் கணிதத்தில் கோட்டைவிட்டவள் அண்ணி. இந்த முறை தேறினால் மருத்துவமனைச் சலவைக்கூடத்திலிருந்து மருந்தகத்துக்கு மாற்றுவார்கள். சலவைத்தூளில் வெடித்துப்போன விரல்கள் ஆறும். வரைபடக் கணக்கு கட்டாயம் வரும், மதிப்பெண்ணை அப்படியே அள்ளலாம் என்று சொல்லிக்கொடுத்தவள் இந்த நாத்தனார்தான். ஊரில் யாரிடமும் திறக்காத இவள் வாய் அண்ணியிடம் மட்டும் திறக்கும்.

அட்டவணை போட வேண்டும், புள்ளி வைக்க வேண்டும், வளைகோட்டை இழுக்க வேண்டும். அது கிடைக்கோட்டை வெட்டுகிற இடம்தான் விடை. இரண்டு இடத்தில் வெட்டும். சில சமயம் ஓரிடத்தில் தொட்டுவிட்டுத் திரும்பும். தொடாமலே போகிற மூன்றாவது வகையும் உண்டு. அது எங்கே வரப்போகிறது, அண்ணியைக் குழப்புவானேன் என்று விட்டுவிட்டாள்.

"என்ன கணக்கு அண்ணி?"

"எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ரெண்டு எக்ஸ் பிளஸ் அஞ்சு."

மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். சுருக்கென்றது.

"நாலு வரைக்கும் இறங்குது, அப்புறம் மேல ஏறிப் போயிடுது. கோட்டுப் பக்கமே வரல. உங்கண்ணன் மாதிரி. சமையக்கட்டு வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிடுவாரே."

இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "கீழ இழுத்து விட்டீங்களா?"

"இழுக்கலாம்னுதான் அழிச்சேன். அதுக்குள்ள ஒரு யோசனை. தாளை நடுவுல மடிச்சு வெளிச்சத்துல பிடிச்சேன், விரிப்பு மடிக்கிறப்ப ஓரம் பார்ப்போமே, அப்படி. ரெண்டு பக்கத்துப் புள்ளியும் ஒண்ணு மேல ஒண்ணு கச்சிதமா உட்கார்ந்துச்சு பாப்பா. அதைப் போய் எப்படிக் கெடுக்கிறது? மறுபடி அதையே வரைஞ்சுட்டேன்."

"விடை?"

"'தொடவில்லை'ன்னு எழுதினேன்."

பாடநூல் வழக்கில், 'மெய்யான மூலங்கள் இல்லை' என்று எழுதியிருக்க வேண்டும். அந்த வார்த்தையை அண்ணி கேள்விப்பட்டதே இல்லை.

"அது தப்பில்ல அண்ணி. அப்படியும் ஒரு வகை இருக்கு. நான்தான் சொல்லித் தரல."

அண்ணி நின்றுவிட்டாள். "அடிப்பாவி! உள்ள நான் பட்ட பாடு!" நாலடி நடந்ததும் குரல் இறங்கியது. "'தொடவில்லை'ங்கிற வார்த்தைக்கு மார்க் போடுவாங்களா?"

"தெரியல அண்ணி."

பேருந்து நிறுத்தத்தில் தூசி படிந்த ஒரு கம்பி இருந்தது. பென்சில் கரி ஒட்டிய அண்ணியின் விரல் அதற்கு மேலே காற்றில் மெல்ல இறங்கியது. ஒரு நூல் இடைவெளியில் தயங்கியது. பிறகு, வந்த வளைவிலேயே மறுபக்கம் ஏறியது.