காவி வேட்டி நடை

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த தங்கசாமிக்கு நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரை வந்தது. சுகாதார முகாமில் டாக்டர், "தினமும் மூணு மைல் நடக்கலீன்னா காலுக்கு ஆபத்துங்க" என்று சொல்லி, நடையின் நன்மைகளை அச்சடித்த நோட்டீசையும் கொடுத்தார்.

மறுநாளே பரமத்தி சாலையில் நடக்கத் தொடங்கினார். ஊர் விடவில்லை. லாரிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"ஏனுங்க, வண்டி என்னாச்சு? ஏறுங்க!"

"நடக்கத்தானப்பா வந்தேன்."

"நாங்க இருக்கறப்ப நீங்க நடக்கறதாவது!"

மறுத்தால் கோபித்துக்கொண்டார்கள்.

தை பிறந்ததும் காவி வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவரை யார் வண்டியில் ஏற்றுவார்கள்? மூன்று மைலும் நிம்மதியாக நடந்து, துணிப்பையில் இருந்த வெள்ளை வேட்டிக்கு மாறி, பஸ்ஸில் வீடு திரும்பினார்.

நான்காம் நாள் டிரைவர் சின்னண்ணன் லாரியை நிறுத்தி, ஒரு தேங்காயை நீட்டினான்.

"புள்ளைக்கு ஒடம்பு சரியில்லீங்க. மலைல ஒடச்சிருங்க, சாமி."

தங்கசாமி வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மனைவி சௌந்திரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பழனி வரைக்கும் நடந்து போறீங்கன்னு நம்பித்தானுங்க குடுத்திருக்காரு?" என்றாள்.

மறுநாள் துணிப்பையில் வெள்ளை வேட்டி இல்லை. தேங்காய் இருந்தது.