வல்லின றகரக் கடவுச்சொல்

மிளகும் கராம்பும் வாங்கும் எங்கள் கம்பனிக்கு மாத்தளையில் தலைமை அலுவலகம், வெளியே மூன்று கிளைகள். எல்லாக் கணினிகளையும் மாத்தளையிலிருந்தே மேய்க்கும் மென்பொருளுக்கு நான்தான் பொறுப்பு. 2008 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, அதைச் செய்தவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மென்பொருளில் ஓட்டை இருக்கிறதாம். அதன் வழியே ஒருவன் நுழைந்தால் அத்தனை கணினியும் அவன் கையில். உடனே திருத்தத்தைப் போட்டுக் கடவுச்சொல்லையும் மாற்றச் சொன்னார்கள்.

ஒவ்வொரு கிளையிலும் ஆள் உட்கார்ந்து, பழைய கடவுச்சொல்லைத் தன் கையால் அடிக்க வேண்டும். எல்லாக் கிளைக்கும் ஒரே சொல். அதை வைத்த மடையன் நான். அது யட்டவத்தக் கிளையில் வேலை செய்யும் றமீஸாவின் பெயர்.

அவளிடம் நான் எதுவும் சொன்னதில்லை. அவள் என்னை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவாள். அண்ணன் என்கிறவளிடம் எந்த வாயால் சொல்வது? அவளைப் பெற்ற வாப்பாவின் ஏற்பாட்டில், வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்கக் குருணாகலிலிருந்து வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் பல்லேகமவுக்குப் போன் போட்டேன். அங்கிருந்த இராமசாமி அண்ணன் எழுத்தெழுத்தாகத் தட்டிவிட்டு, "இது என்னா பேருங்க நுஹ்மான் தம்பி?" என்றார்.

"மருந்துப் பேருண்ணே."

அலுவிகாரையும் முடிந்தது. யட்டவத்ததான் மிச்சம். தண்ணீர் குடித்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க நானா."

"ஆர். இன்னொரு ஆர்."

"ரெண்டு ஆரா? ஏன்?"

"வல்லின ற."

தன் பெயரை யாராவது சின்ன ‘ர’ போட்டு எழுதினால் சண்டைக்கு வருகிறவள் அவள். மிச்ச எழுத்துகளை நான் சொல்லவில்லை. விசைகள் தட்டுப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

"உள்ள போயிட்டுது" என்றாள் மெதுவாக. "இப்ப புதுசு கேக்குது. நானே போடவா?"

"போடுங்க. எனக்கும் சொல்லணும். இங்க பதியணும்."

"சைபர், ஆறு, ஆறு..." பத்து இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எழுதிக்கொண்டேன். மரமண்டை, அப்போதும் வேலைப் புத்திதான் எனக்கு.

"இது போன் நம்பர் மாதிரி இருக்கே. லேசாக் கண்டுபிடிச்சிருவாங்களே?"

"வாப்பாட நம்பர்தான்" என்றாள். "வெள்ளிக்கிழமைக்கு முந்தி பேசிருங்க, நுஹ்மான்."