மேப்பிளின் கண்ணாடி வீடு

அமெரிக்காவின் வடகோடி டுலூத்தில் ஜனவரி வந்து வீட்டு ஹீட்டர் ஓட ஆரம்பித்துவிட்டால் உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும். அப்படிக் காய்ந்து கிடந்த வீட்டின் ஒரு மூலையில், ஒரு போவாப் பாம்புக்காக மழைக்காட்டுக் காற்றை உண்டாக்கி வைத்திருந்தாள் மார்லிஸ். லேசுப்பட்ட வேலையா அது?

கண்ணாடிப் பெட்டியின் மேல்வலையை முக்கால்வாசி ஃபாயிலால் மூடியிருந்தாள். ஒரு பக்கம் தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட், மறுபக்கம் எண்பது; பாம்பு தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும். ஈரப்பதம் அறுபது சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்காகக் கண்டபடி தண்ணீர் தெளிப்பவள் இல்லை அவள். தேங்காய் நார்த்தூளின் மூலையில் ஊற்றி அடியில் மட்டும் இறங்க விடுவாள். மேலே காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுத் தோல் அழுகிவிடும். பெட்டி ஹீட்டரின் சென்சார் கம்பியைச் சுவரோடு இறுக்கிக் கட்டியிருந்தாள். ஒருமுறை பாம்பு அதைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் தள்ளிவிட, பெட்டியே குளிர்ந்துவிட்டது என்று நம்பி ஹீட்டர் கண்மண் தெரியாமல் காய்ந்தது.

யாரோ குளிர்ந்த கராஜில் போட்டுவிட்டுப் போன பாம்பு மேப்பிள். மூச்சு இழுத்துக்கொண்டு, பழைய தோல் திட்டுத்திட்டாய் ஒட்டிக்கொண்டு வந்தது. மீட்புச் சங்கம் தற்காலிகமாகத்தான் கொடுத்திருந்தது. இன்று சங்கத்தின் பெர்னெட்டா வந்து பார்ப்பாள். வெப்பமும் ஈரமும் சரியில்லை என்றால் கையோடு கொண்டுபோய்விடுவாள். அவள் தயவுதாட்சண்யம் பார்த்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"எனக்கு உதடு வெடிக்குது, அதுக்கு மட்டும் ஆவிக் குளியலா? என்னையும் அந்தப் பெட்டிக்குள்ள போட்டுடேன்" என்றான் அவள் கணவன் லைல்.

"உனக்கு எலி புடிக்காதே, லைல்."

பெர்னெட்டா பூட்ஸைக் கழற்றிவிட்டு, நீட்டிய காபியைக்கூட வாங்காமல் நேரே பெட்டிக்குப் போனாள். மார்லிஸ் ஈரப்பத மீட்டரை எட்டிப் பார்த்தாள். தொண்ணூற்று நாலு! காலையில் அறுபத்திரண்டு இருந்ததே?

"சதுப்பு நிலமா இது?" என்றாள் பெர்னெட்டா.

பெர்னெட்டா கதவைத் திறந்து முகர்ந்தாள். நார்த்தூளுக்குள் விரலை விட்டாள். கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டு நீர்கூடக் கோத்திருக்கவில்லை. பிறகு மீட்டருக்குப் பின்னால் கைவிட்டு, சொட்டச்சொட்ட நனைந்த ஒரு சாக்ஸை உருவி எடுத்தாள்.

"இது யாரோடது?"

"துவைச்ச சாக்ஸ்தாங்க" என்றான் லைல்.

மார்லிஸ் அந்தச் சாக்ஸைப் பிடுங்கினாள். "லைல்! உனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? நல்லா இருந்ததை ஏன்யா கெடுத்த?"

"நீ கடைக்குப் போனப்ப அம்பத்தெட்டுன்னு காட்டிச்சு. நீதானே அறுபதுக்குக் கீழ போனா அவங்க தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு ராத்திரி பூரா புலம்பின?"

பெர்னெட்டா தன் மீட்டரை உள்ளே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்ன பொறுமை! மேப்பிள் மறைவிடத்திலிருந்து தலை நீட்டியது. சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு அவசரமில்லாமல் நகர்ந்து, நாக்கை வீசி, நடுவில் நீட்டிப் படுத்தது. விளக்கொளியில் அதன் வால் செக்கச்செவேலென்று மின்னியது. பயத்தையும் மறந்து அந்த அழகைப் பார்த்துக்கொண்டிருந்தாள் மார்லிஸ்.

"மூச்சுல சத்தமே இல்ல. சூடும் குளிர்ச்சியும் எங்க இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்ற பெர்னெட்டா தன் மீட்டரை எடுத்துப் பார்த்தாள். "அறுபத்தொண்ணு. இந்தக் குளிர்ல, இந்த ஊர்ல இப்படி ஒரு பெட்டிய நான் பார்த்ததில்ல, மார்லிஸ்."

பிறகு லைல் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. பாம்பே வேணாம்னு சங்கத்துக்குப் போன் போட்டவரு நீங்கதானே? நான் கொண்டுபோயிருந்தா உங்களுக்கு நல்லதுதானே?"

மார்லிஸ் திடுக்கிட்டாள். அந்தப் போன் விஷயம் அவளுக்குத் தெரியாது.

லைல் காது சிவந்தான். "அது வர்றதுக்கு முன்னாடி போட்டது" என்றான். "இப்ப இவ வேலைக்குப் போனப்புறம் நானும் அதுவும்தான் வீட்டுல இருக்கோம்."