பாதி நீரூற்று

முதல் இரண்டு நாளும் அகிலா ராதிகாவின் காரில் ஊர் பார்த்தாள். அறிவியல் பயிற்சி நடத்த, துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் ஒரு பள்ளிக்கூடம் அவளை மூன்று வாரத்துக்கு வரவழைத்திருந்தது; ராதிகா அங்கே துணை முதல்வர். வானத்தைத் தொடும் கட்டடங்கள், தங்கக் கடைத்தெரு, கண்ணாடிக்குள் பனி கொட்டும் மால் என்று எல்லாவற்றையும் ராதிகா சொந்த வீட்டைப் போலச் சுற்றிக் காட்டினாள். அகிலா படம் எடுத்துக்கொண்டாள். அவள் பார்க்க வந்தது வேறு.

அண்ணன் அருள்முருகன் ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனியில் சூளையடியில் வேலை பார்க்கிறான். தொழிலாளர் கேம்ப்புக்குப் பக்கத்து டவுனில் ஒரு பூங்கா, அதில் பாட்டுக்குத் தக்கபடி எழும்பும் நீரூற்று என்று அவன் போனில் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். "பனைமர உயரம் போகும்த்தா. கலர் கலரா மாறும். நீ வந்தா மொதல்ல அதத்தான் காட்டுவேன்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூங்கா வாசலில் அவன் தேய்த்த சட்டையோடு காத்திருந்தான். கூட ரூம்காரர்கள் இரண்டு பேர். ரெங்கராஜ் கையில் பிரியாணிச் சட்டி. அதைச் சமைத்த கன்னியாகுமரிக்காரர் யேசுராஜ், "அக்கா, உங்களுக்காக்கும் காரம் கொறச்சிருக்கேன்" என்றார்.

வாசலில் நின்ற செக்யூரிட்டி சேதுமாதவன், மலையாளி. கையை நீட்டி மறித்தார்.

"இன்னிக்கு ஃபேமிலி டே. பேச்சிலர் மாஃபி, கிடையாது."

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆம்பளை யாராக இருந்தாலும், பேரன் பேத்தி எடுத்தவனே ஆனாலும், அங்கே பேச்சிலர்தான்.

"நானா பேச்சிலரு?" என்றார் யேசுராஜ். "மூணு பிள்ளையளுக்க அப்பன் சேட்டா. வீட்டுக்காரிய போன்ல விளிச்சுத் தரட்டா?"

"போன்ல இருக்கிற ஃபேமிலி போதாது. கூட வரணும்." சேதுமாதவன் சிரித்தாலும் கையை இறக்கவில்லை. "மேடமும் பிரதரும் போகலாம். மத்த ரெண்டு பேரும் வேண்டாம்."

"இவங்களும் என் குடும்பம்தான்" என்றாள் அகிலா. "இவர் சித்தப்பா மகன். அவர் மாமா மகன்."

"மாமா மகன் கழுத்துல சிலுவை இருக்கே மேடம்."

"எங்க குடும்பத்துல எல்லாரும் உண்டு. எந்தச் சட்டத்துல இப்படி இருக்கு? மேனேஜரக் கூப்பிடுங்க."

"கூப்பிடலாம். வந்தா எல்லார் ஐடியும் கேப்பார்."

அருள்முருகன் தங்கையைச் சுவரோரம் இழுத்துப்போனான். "நீ சண்டை போட்டுட்டு பிளேன் ஏறிருவ. கம்பெனிக்கு ஒரு போன் போனாப் போதும், எங்கள மூட்ட கட்டி அனுப்பிருவான். பேசாம இரு."

அகிலா தலைமையாசிரியர்களோடும் அதிகாரிகளோடும் மோதியவள். அப்போதெல்லாம் அடி விழுந்தால் அவள் தலையில்தான் விழும். இங்கே அப்படி இல்லை. வாயை மூடிக்கொண்டாள்.

"நீங்க போயிட்டு வாங்க. நாங்க பாக்காததா?" என்றார் ரெங்கராஜ்.

இருவரும் உள்ளே போனார்கள். கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"நீரூத்து எந்தப் பக்கம்ணே?"

அருள்முருகன் இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான்.

"நீ உள்ள வந்ததே இல்லியா?"

"எனக்கு லீவு ஞாயித்துக்கெழமதான. அன்னிக்குத்தான் ஃபேமிலி டே." அவன் திரும்பிப் பார்த்தான். வாசல் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ரெங்கராஜ் சட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். "வாத்தா, போவோம்."

"எங்க?"

அவன் வாசலுக்கு நடந்தான்.

"என்ன பிரதர், அதுக்குள்ள?" என்றார் சேதுமாதவன்.

"ஃபேமிலி வெளிய நிக்குது" என்றான் அருள்முருகன்.

வாசலுக்கு நேர் எதிரே நடைபாதையில் பேப்பரை விரித்தது அவன்தான். சட்டியைத் திறந்ததும் வாசனை ரோட்டைத் தாண்டியது. சேதுமாதவன் பின்னாலேயே ஓடிவந்தார்.

"இங்க உக்காரக் கூடாது. மேனேஜர் இப்ப ரவுண்ட்ஸ் வருவார்."

"பிளாட்பாரத்துக்கும் ஃபேமிலி டேன்னு போர்டு இருக்கா சேட்டா?" என்றான் அருள்முருகன்.

"ஐடி கேப்பார், பிரதர்."

அருள்முருகன் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துப் பேப்பரின் ஓரத்தில், எல்லாருக்கும் தெரியும்படி வைத்தான். ரெங்கராஜ் ஒரு நொடி யோசித்துவிட்டுத் தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தார். பிறகு யேசுராஜ்.

அகிலா தடுக்க வாயெடுத்தாள். "அண்ணே, வேலை..."

"சாப்பிடுத்தா."

சேதுமாதவன் அந்த அட்டைகளைப் பார்த்தபடி நின்றார். பிறகு வாசலுக்கே திரும்பிப் போனார்.

உள்ளே பாட்டு தொடங்கியது. மதிலுக்கு மேலே தண்ணீர் எழும்பியது. கீழ்ப்பாதி மதிலுக்குப் பின்னால். மேல்பாதி பச்சையாகி, சிவப்பாகி, காற்றில் சாய்ந்தது.

"பனைமர உயரம்னு சொன்னேன்ல?"

"அதுக்கும் மேலயே போகுதுண்ணே."

தெருமுனையில் மேனேஜரின் வெள்ளை வண்டி திரும்பியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, முட்ட ஒண்ணு வைக்கட்டா?" என்றார் யேசுராஜ்.

"வைங்க" என்றாள் அகிலா.