முதல் தோட்டாவுக்கு ஒரு பொட்டு

காலை எட்டு மணிக்கு இட்லிக்கு வைத்த அடுப்பைப் பாதியில் அணைத்துவிட்டு, செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்து உட்கார்ந்திருந்தாள் விஜிதா. திரையில் நியூசிலாந்து, அங்கே மதியம். அவள் புருஷன் லிங்கேஷ் ஒரு மான் வேட்டைத் துப்பாக்கியின் பக்கத்தில் நின்றான். சும்மா சொல்லக்கூடாது, தாலி கட்டுகிற அன்றைக்குக்கூட மனுஷன் இப்படி வேர்த்ததில்லை.

வேர்க்காமல் என்ன செய்யும்? சங்கரன்கோவிலில் விசைத்தறி ஸ்பேர் கடைந்துகொண்டிருந்த லேத்துக்காரன் அவன். அங்கே துப்பாக்கிப் பட்டறை வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. தோட்டா உட்காரும் அறையை முதன்முதலாகத் தன் கையாலேயே கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறான். சரியாக அமைந்தால் வேலை நிரந்தரம். பெண்டாட்டியையும் மகள் தர்ஷிகாவையும் கூட்டிக்கொள்ள முதலாளி பிரையன் கையெழுத்துப் போடுவார். சொதப்பினால் அடுத்த மாதம் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இட்லியை வைத்துத்தான் அவளுக்கு விஷயத்தைப் புரியவைத்திருந்தான். "குழியப் பெருசாக்குனா இட்லி பெருசா வரும்லா? கடைத் தோட்டாவ உள்ள போட்டுச் சுட்டா, பித்தளைக் கூடு விரிஞ்சு புது அறை மாதிரியே வந்துரும். அடுத்த தடவ அதுல வெடிமருந்து கூடப் பிடிக்கும். அம்புட்டுதான்."

"சுடுததுக்கு முன்ன புத்துமண்ணு ஒரு பொட்டு வச்சிருங்க," என்று அவள் நேற்றே சொல்லிவிட்டாள். கோமதியம்மன் கோயில் புற்றுமண் படாமல் அவர்கள் வீட்டில் மிக்ஸிகூட ஓடியதில்லை. போகும்போதே பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தாள்.

திரையில் துப்பாக்கி வெடித்தது. தர்ஷிகா காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள். லிங்கேஷ் கூட்டை வெளியே எடுத்தான், முகம் செத்துப்போயிற்று. கூடு அழகாக விரிந்துதான் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் கடுகளவுக்கு ஒரு பள்ளம். பிரையன் அதை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

விஜிதா செல்போனை நோக்கிக் குனிந்தாள். "பொட்ட எங்கன வச்சீங்க?"

"தோட்டா மேலதாம்ட்டி. சுடப்போறது அதத்தான..."

அட கூறுகெட்ட மனுஷா! துப்பாக்கிக்குப் பின்னால் அம்மாம்பெரிய மரக்கட்டை இருக்கிறதே, அதில் வைத்தால் ஆகாதா? புற்றுமண்ணில் கிடந்த ஒரு குறுமணல் அறைக்கும் கூட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது.

"மறைக்க வேண்டாம். நாந்தான் வைக்கச் சொன்னேன்னு சொல்லிருங்க," என்றாள்.

அவன் தட்டுத்தடுமாறிச் சொன்னான். பிரையன் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். அறைக்குள் விளக்கை விட்டு நெடுநேரம் பார்த்தார். துடைத்தார். இன்னொரு தோட்டாவைப் போட்டுத் தானே சுட்டார். இந்த முறை கூடு மழுமழுவென்று வந்து விழுந்தது.

"அறையில ஒரு கீறல் இல்லையாம்ட்டி! கச்சிதமா வெட்டிருக்கேனாம்!" லிங்கேஷ் போட்ட சத்தம் புளியங்குடி வரைக்கும் கேட்டிருக்கும். "ஏட்டி, மண்ணு மிச்சம் இருக்கான்னு கேக்காரு!"

பொட்டலத்தில் கட்டைவிரலைத் தொட்டு, லிங்கேஷ் சொல்லிக்கொடுத்தபடி பிரையன் நெற்றியில் இழுத்தார். மூக்குவரை வந்துவிட்டது. விஜிதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சந்தோஷத்தில் மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் பிரையன் ஒரு காகிதத்தைத் திரைக்கு நேரே பிடித்தார். அடியில் கையெழுத்து. அதன் பக்கத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. தர்ஷிகா பாவாடை நுனியால் திரையைத் துடைத்துப் பார்த்தாள். அது போகவில்லை.